ஒட்டு நகமும் வளரும் பிள்ளைகளும்

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, குடிநீர், பாசனம், பள்ளிக் கட்டிடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருவது இயல்பு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் விரல் நகத்தைப் பற்றியும் பேச வேண்டுமா என்று சிலர் வியக்கக்கூடும். ஆயினும், நம் பிள்ளைகளின் உடல்நலத்தைத் தொடும் எந்தப் பொருளும் பஞ்சாயத்தின் கவனத்துக்குப் புறம்பானதன்று.

முன்பு நகரத்து அழகு நிலையங்களில் மட்டுமே காணப்பட்ட செயற்கை நகங்கள் இன்று திருவிழாக் கடைகளிலும் வளையல் கடைகளிலும் சிறு பெட்டிகளில் தொங்குகின்றன. கைப்பேசி வழியே வரவழைத்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மஞ்சள் நீராட்டு விழாவுக்கும், அக்காளின் கல்யாணத்துக்கும், பள்ளி ஆண்டு விழாவுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள் இவற்றை அணிய விரும்புகிறார்கள். “இதனால் கெடுதி உண்டா?” என்று பெற்றோர் கேட்கும்போது, “ஒன்றுமில்லை” என்று ஒருவரும், “விஷம்” என்று மற்றொருவரும் கூறிவிடுகின்றனர். இரண்டும் சரியான விடைகளல்ல. உண்மை எது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நகத்தின் அமைப்பு

நகம் என்பது கெரட்டின் என்னும் கடினமான புரதத்தால் ஆனது. மாட்டின் கொம்பும் குளம்பும் இதே பொருளால் ஆனவையே. நகத்தின் அடிப்பகுதியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேரிலிருந்து நகம் வளர்ந்து வெளிவருகிறது. கைவிரல் நகம் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு நகம் முழுவதும் கெட்டுப்போனால் புது நகம் நிரம்பி வர ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகும். ஒரு நெற்பயிர் விளைந்து அறுவடையாகும் காலத்தினும் இது அதிகம் என்பதைக் கவனிக்க.

நகத்தைச் சுற்றியுள்ள மெல்லிய தோல், வயலுக்கு வரப்புப் போல அமைந்துள்ளது. நீரும் கிருமியும் உள்ளே புகாவண்ணம் அது தடுக்கிறது. அதை வெட்டினாலும் பின்னுக்குத் தள்ளினாலும் வரப்பு உடைந்ததற்கு ஒப்பாகும். நகச்சுற்று என்று நாம் கூறும் வீக்கமும் வலியும் பெரும்பாலும் இவ்வழியே தோன்றுபவை.

செயற்கை நகத்தின் வகைகள்

கடையில் “செயற்கை நகம்” என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் இதில் நான்கு வகைகள் உண்டு. அவற்றின் அபாயம் ஒரே அளவினதன்று.

முதலாவது, பிளாஸ்டிக்கில் செய்த ஆயத்த நகத்தை இருபுறமும் ஒட்டும் சிறு வில்லையால் ஒட்டிக்கொள்வது. இதைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

இரண்டாவது, அதே நகத்தைத் திரவப் பசையால் ஒட்டுவது. இந்தப் பசை, உடைந்த பொருளை நொடியில் ஒட்டவைக்கும் சயனோ அக்ரிலேட் இனத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது, ஜெல் எனப்படும் குழைவான பூச்சைத் தடவி, புற ஊதா ஒளி தரும் விளக்கின் கீழ்க் கையை வைத்து இறுகச் செய்வது.

நான்காவது, ஒரு திரவத்தையும் ஒரு பொடியையும் கலந்து நகத்தின்மேல் வைத்து வடிவமைக்கும் அக்ரிலிக் நகம். பல் கட்டுவதற்குப் பயன்பட்ட பொருளிலிருந்து 1950களில் அமெரிக்காவில் உருவானது இம்முறை. ஆரம்ப காலத்தில் இதில் சேர்க்கப்பட்ட மெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் திரவத்தால் பலருக்கு நகம் சேதமுற்றுத் தோல் நோய் உண்டாயிற்று. அதன்பேரில் அந்நாட்டு அரசு 1970களில் அத்தகைய தயாரிப்புகள்மீது நடவடிக்கை எடுத்தது.

முதல் வகையில் அபாயம் மிகக் குறைவு. மற்ற மூன்றிலும் வெவ்வேறு அபாயங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒவ்வாமை

இவற்றுள் முதன்மையானது ஒவ்வாமை. நம் விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. பார்த்தீனியச் செடியை வெறுங்கையால் பிடுங்குவோரில் பலருக்கு முதலில் ஒன்றும் நேர்வதில்லை. ஓராண்டோ ஈராண்டோ சென்றபின் ஒருநாள் கை அரிக்கிறது, தோல் தடிக்கிறது. அதன்பின் அச்செடியின் அருகில் சென்றாலே உபாதை தொடங்கிவிடுகிறது. உடல் அப்பொருளை ஒரு பகைவனாக நினைவில் வைத்துக்கொண்டதே இதற்குக் காரணம். அந்நினைவு பொதுவாக மறைவதே இல்லை.

ஜெல்லிலும் அக்ரிலிக்கிலும் உள்ள அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் என்னும் ரசாயனங்களும் இவ்வாறே வேலை செய்கின்றன. முழுவதும் இறுகிய நகத்தால் பெருங்கெடுதி இல்லை. இறுகாத நிலையில் தோலில் படும் திரவமே தீங்கு செய்வது. பயிற்சி பெறாத கை பூசும்போது அது நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் வழிகிறது. விளக்கின் வலிமை போதாவிடில், மேலே இறுகியும் உள்ளே பச்சையாகவும் நின்றுவிடுகிறது. வீட்டில் தாமே செய்துகொள்ளும் பெட்டிகளால் ஒவ்வாமை மிகுவதற்கு இதுவே காரணம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018ஆம் ஆண்டில் இது குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம், ஹெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மெத்தாக்ரிலேட் கலந்த நகப் பொருள்களைப் பயிற்சி பெற்ற தொழிலாளர் மட்டுமே கையாள வேண்டும் என்று 2021 முதல் விதித்துள்ளது.

ஒவ்வாமையின் அடையாளங்கள் யாவை? விரல் நுனியில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, நகம் படுகையிலிருந்து தூக்கிக்கொள்ளுதல் ஆகியவை. விரலைக் கொண்டு தொடும் கண்ணிமையிலும் கழுத்திலும் தடிப்பு உண்டாவதும் உண்டு. இதைக் கண்டவர்கள் கண் நோய் என்றெண்ணிச் சொட்டு மருந்து வாங்குவார்களேயன்றி நகத்தின்மேல் ஐயம் கொள்ளமாட்டார்கள்.

இங்கு முக்கியமாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. இதே இனத்து ரசாயனங்கள் பற்குழியை அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் எலும்பைப் பொருத்தும் கலவையிலும், நீரிழிவு நோயாளியின் உடலில் ஒட்டும் சர்க்கரை அளவுக் கருவிகள் சிலவற்றின் பசையிலும் உள்ளன. பதின்மூன்று வயதில் ஒரு விழாவுக்காக அணிந்த நகம், நாற்பது வயதில் பல் வைத்தியத்துக்கும் அறுபது வயதில் முழங்கால் வைத்தியத்துக்கும் இடையூறாக வந்து நிற்கக்கூடும். அணிந்தோர் அனைவருக்கும் இது நேரும் என்பதில்லை. ஆனால், யாருக்கு நேரும் என்று முன்கூட்டி அறியும் வழி இல்லை. சிறு வயதில் தொடங்கினால் தொடர்பு நீண்ட காலம் நீடிப்பதால், வாய்ப்பும் அதற்கேற்பக் கூடுகிறது.

ஈரமும் கிருமியும்

ஒட்டிய நகம் ஓர் ஓரத்தில் சிறிது தூக்கிக்கொண்டால் அந்த இடுக்கில் நீர் தேங்கும். அவ்விருளிலும் ஈரத்திலும் கிருமியும் காளானும் செழிக்கும். நகம் பச்சை நிறமாக மாறுவது சூடோமோனாஸ் என்னும் கிருமியின் வேலை. நாற்று நடவு செய்யும் பெண்ணுக்கும், பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும், சாணம் அள்ளும் பெண்ணுக்கும் கை நாள் முழுவதும் ஈரத்திலேயே இருக்கிறது. நகரத்தில் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவரைவிட இவர்களுக்கு இத்துன்பம் எளிதில் வரும். மேலும், நீண்ட ஒட்டு நகம் ஏதேனும் ஒன்றில் சிக்கி இழுபட்டால், சொந்த நகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருவதும் உண்டு.

கையால் சமைத்து, கையால் பரிமாறி, கையால் உண்பவர்கள் நாம். நீண்ட நகத்தின் அடியில் தங்கும் அழுக்கு சோப்பிட்டுக் கழுவினாலும் எளிதில் போவதில்லை. மருத்துவமனைகளில் நோயாளிகளைத் தொடுவோர் செயற்கை நகம் அணியலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட கைச் சுத்த வழிகாட்டி கூறுகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் சூடோமோனாஸ் கிருமி பரவிப் பல குழந்தைகள் உயிரிழந்தன. அதை ஆராய்ந்தவர்கள், செவிலியரின் நீண்ட நகங்களும் ஒட்டு நகங்களும் அப்பரவலில் பங்கு கொண்டிருக்கலாம் என்று கண்டனர். நம் ஊர்களிலிருந்து செவிலியர் படிப்புக்குச் செல்லும் பெண்களும், அங்கன்வாடியிலும் பள்ளிச் சமையற்கூடத்திலும் பணிபுரியும் தாய்மார்களும் இதை அறிந்திருத்தல் அவசியம்.

பசையும் நெருப்பும்

சயனோ அக்ரிலேட் பசையைப் பற்றி அநேகர் அறியாத ஒரு செய்தி உண்டு. இது பருத்தித் துணியிலோ பஞ்சிலோ சிந்தினால் மிக வேகமாக இறுகும். அப்போது கடும் வெப்பம் வெளிப்படும். தொடையில் உள்ள பருத்திப் பாவாடையில் சிந்திய சில துளிகளே தோலைச் சுட்டுப் புண்ணாக்கப் போதுமானவை. வெளிநாடுகளில் குழந்தைகள் இவ்வாறு ஆழ்ந்த தீப்புண் பெற்று அறுவைச் சிகிச்சைக்கு ஆளான செய்திகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன. பருத்தி உடையே மிகுதியாக உடுத்தும் நம் நாட்டுக்கு இந்த எச்சரிக்கை இன்றியமையாதது.

நகத்தை நீக்கப் பயன்படும் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் திரவம். அதன் ஆவியும் தீப்பற்றும். அடுப்பு எரியும் அறையிலோ விளக்கேற்றிய பூஜை இடத்திலோ அதைத் திறந்து வைத்தல் கூடாது. குழந்தைகள் எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். அசிட்டோ நைட்ரைல் என்னும் பொருள் கலந்த நகம் நீக்கியைக் குடித்த குழந்தையொன்று, அது உடலுக்குள் சயனைடாக மாறியதால் இறந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1988இல் பதிவு செய்துள்ளனர். பெயர்ச் சீட்டு இல்லாத குப்பியை வீட்டில் வைத்திருப்பது எத்துணை ஆபத்து என்பதற்கு இது சான்று.

புற ஊதா விளக்கு

ஜெல்லை இறுகச் செய்யும் விளக்கு புற ஊதா ஒளியின் ஒரு பகுதியைக் கையின்மேல் செலுத்துகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைச் சாலையில் வளர்த்த உயிரணுக்களின்மேல் 20 நிமிடம் இவ்வொளி பட்டபோது 100க்கு 20 முதல் 30 வரை அழிந்தன. எஞ்சியவற்றில் மரபுப் பொருள் சேதமும் காணப்பட்டது. தட்டில் வளர்த்த அணுவும் உயிருள்ள கையும் ஒன்றல்ல. அழகு நிலையத்தில் ஒருமுறை செலவாவது சில நிமிடங்களே. ஆகவே, இதனால் புற்றுநோய் வரும் என்று கூறிவிட முடியாது. ஆயினும், இளம் வயதில் தொடங்கி மாதந்தோறும் கையை நீட்டுவது விவேகமாகாது. தவிர்க்க இயலாதபோது, விரல் நுனி வெட்டிய கையுறை அணிந்துகொள்ளுமாறு தோல் மருத்துவர்கள் கூறுகின்றனர்.

ஜெல்லை இறுகச் செய்யக் கலக்கப்பட்டு வந்த டி.பி.ஓ. என்னும் பொருளை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியதென வகைப்படுத்தி, ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துள்ளது.

நகம் காட்டும் சோகை

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேர் இரத்த சோகை உடையவர்கள். வெளுத்த நகப்படுகையும், கரண்டி போலக் குழிந்த நகமும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் கண்ணையும் நாக்கையும் பார்ப்பதுபோல நகத்தையும் பார்ப்பார். வண்ணம் தீட்டிய ஒட்டு நகம் இவ்வடையாளத்தை மறைத்துவிடுகிறது. விரலில் மாட்டி இரத்தத்தின் பிராண வாயு அளவைக் காட்டும் கருவியும் அத்தகைய நகத்தின்மேல் தவறான அளவைக் காட்டக்கூடும். சிகிச்சைக்குச் செல்லுமுன் நகத்தை நீக்கிச் செல்லுதல் நலம்.

தொழிலாகக் கொள்வோர்

அழகுக் கலை இன்று கிராமப் பெண்களுக்கு ஒரு நல்ல பிழைப்பாகவும் விளங்குகிறது. கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இதற்குப் பயிற்சி தரப்படுகிறது. அத்தொழிலை இழிவாகப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால், அணிபவரைக் காட்டிலும் அணிவிப்பவருக்கே அபாயம் அதிகம். ஏனெனில், அவர் நாள்தோறும் இத்திரவங்களைத் தொடுகிறார். அக்ரிலேட் திரவம் மெல்லிய ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ஆகவே, நைட்ரைல் கையுறை அணிந்து, அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். அறையில் காற்றோட்டம் வேண்டும். அரத்தால் தேய்க்கும்போது எழும் தூளைச் சுவாசிக்கலாகாது. ஒவ்வாமை வந்துவிட்டால் கற்ற தொழிலையே கைவிட நேரும். கடன் பெற்றுத் தொழில் தொடங்கிய மகளிர் குழுவினருக்கு இது எத்தகைய நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவு இதுவே. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு ஜெல் நகமும் அக்ரிலிக் நகமும் வேண்டா. வீட்டில் தாமே செய்துகொள்ளும் பெட்டி அறவே வேண்டா. விழா நாளில் ஆசைப்பட்டால், வில்லையால் ஒட்டும் ஆயத்த நகத்தை ஒரு நாள் அணிந்து இரவே நீக்கிவிடலாம். அதற்கான விதிகள்:

1. நகம் ஆரோக்கியமாக இருந்தால் மட்டுமே அணிக. புண், வெடிப்பு, நகச்சுற்று இருப்பின் அணியற்க.

2. நகத்தைச் சுரண்டவும் தோலை வெட்டவும் கூடாது.

3. நகத்தைப் பிய்த்து எடுக்கலாகாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல நீக்குக.

4. அரிப்போ தடிப்போ தோன்றினால் உடனே நீக்கி, மீண்டும் முயலாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்க.

5. பசை விரல்களை ஒட்டிவிட்டால் இழுக்க வேண்டா. வெதுவெதுப்பான சோப்பு நீரே போதும். கண்ணில் பட்டால் இமையை வலிந்து திறக்காமல் நீரால் கழுவி மருத்துவரிடம் செல்க.

6. பசை சிந்திய துணி சுட்டால் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுக. தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டா. திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் 108 எண்ணை அழைத்து, குப்பியையும் உடன் எடுத்துச் செல்க.

மருதாணி நம்மிடம் இருக்கவே இருக்கிறது. தோட்டத்து இலையை அரைத்து இட்டால் நகமும் சிவக்கும், செலவும் இல்லை. ஆனால், கடையில் விற்கும் கருமருதாணியை நம்ப வேண்டா. அதில் தலைச்சாயத்துக்குரிய பாரா ஃபினிலீன் டையமின் கலக்கப்படுவதுண்டு. அதுவும் வாழ்நாள் ஒவ்வாமையை உண்டாக்க வல்லது.

பிள்ளைகளைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. கடிந்தால் மறைவில் செய்துகொள்வார்கள். மறைவில் செய்வதிலேயே விபத்து அதிகம். காரணத்தை எடுத்துச் சொன்னால் வளர்ந்த பிள்ளைகள் உணர்ந்துகொள்ளும் அறிவு படைத்தவர்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

தடை விதிப்பது பஞ்சாயத்தின் வேலையன்று. அறிவைப் பரப்புவது அதன் வேலை. கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு பத்து நிமிடம் இது பற்றிப் பேசச் செய்யலாம். பள்ளித் தலைமையாசிரியருடன் கலந்து, வாராந்தர இரும்புச் சத்து மாத்திரை வழங்கும் நாளில் நகப் பரிசோதனையும் நடத்தலாம். திருவிழாவுக்குக் கடை போடுவோரிடம், உற்பத்தியாளர் பெயரும் முகவரியும் தொகுதி எண்ணும் கெடு தேதியும் இல்லாத நகப் பசையை விற்க வேண்டாமென அறிவுறுத்தலாம். அழகுப் பொருள்களுக்கு இவ்விவரங்கள் அவசியமென 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள் கூறுகின்றன. மீறுவோரைப் பற்றி மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். இவற்றுள் எதற்கும் பஞ்சாயத்து நிதியிலிருந்து பெருந்தொகை தேவையில்லை.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊர்க் கடைகளில் எவ்வகைச் செயற்கை நகங்கள் விற்கின்றன? அவற்றில் முறையான பெயர்ச் சீட்டு உள்ளதா?

2. நம் ஊரில் அழகுத் தொழில் செய்யும் பெண்களுக்குக் கையுறையும் காற்றோட்டமும் உண்டா? குழுக் கடனில் அவற்றுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறதா?

3. வளரிளம் பெண்களில் எத்தனை பேருக்குச் சோகைப் பரிசோதனை நடந்துள்ளது? விடுபட்டவர்கள் யார்?

அடுத்த கிராம சபை கூடுமுன் இவ்வினாக்களுக்கு விடை தேடி வைப்பது உறுப்பினர்களின் கடமை. முதல் இரண்டு வினாக்களுக்கு ஒரு மாலை நேரம் கடைத்தெருவைச் சுற்றி வந்தாலே விடை கிடைத்துவிடும். மூன்றாவது வினாவுக்குச் செவிலியரின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதையே முதலில் பார்ப்பது நன்று.